1639-ஆம் வருடமும் கார்குழலியின் கன்டெய்னரும்

எங்கள் கொருக்குப்பேட்டைக் குடியிருப்பில் ஆகஸ்ட் மாதம் சென்னை தினம் கொண்டாடுவோம். என் மைக் செட், வாடகை நாற்காலிகள், ஒரு ஃப்ளெக்ஸ், அவ்வளவுதான் கொண்டாட்டம். மேடை ஏறுகிறவர் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1639-இல் வெள்ளைக்காரனுக்குக் கடற்கரை மணலை எழுதிக் கொடுத்தார்கள், ஊர் பிறந்தது என்று. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதற்கு முன்னால் இங்கே வலை வீசியவனும் திருவொற்றியூரில் தேர் இழுத்தவனும் அந்தரத்திலா தொங்கினார்கள் என்று கேட்டால் ஒருத்தரிடமும் பதில் கிடையாது.

மன்றச் செயலாளர் அப்பாவு என்று என் பெயரை ஃப்ளெக்ஸில் போடுகிறார்களே, அந்த உரிமையில் போன வருடம் ஒரு முடிவு எடுத்தேன். அதே 1639-இல் உலகத்தின் மற்ற மூலைகளில் என்ன நடந்தது என்று தேடிப் பிடித்துச் சீட்டு எழுதினேன். குலுக்கிப் போட்டு, எடுத்தவர் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். போர்ச்சுக்கல் கப்பல்களுக்கு ஜப்பான் கதவைச் சாத்தியது ஒரு சீட்டு. துருக்கி சுல்தானும் பாரசீக ஷாவும் சண்டை போட்டுக் களைத்து சமாதானமானது இன்னொன்று. அது பக்கத்து வீட்டு சௌக்கத் அலி பாய் கைக்குப் போனது. "சமாதானமா? நம்ம ராசிக்கு நல்ல சீட்டுதான்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடி கார்குழலிக்கு வந்தது, வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தது. "இன்னா அண்ணே, எனக்கு வெள்ளியும் இல்ல, தங்கமும் இல்ல, என்னாண்ட வந்து மாட்டிக்கிச்சே" என்றாள்.

கார்குழலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சடையங்குப்பம் பக்கம் கன்டெய்னர் பழுது பார்க்கும் யார்டில் துருவைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாள். பெருக்கும்போதே வெல்டிங்கை வேடிக்கை பார்த்தாள். பிறகு, வெல்டர் சாப்பிடப் போன நேரத்தில் வெல்டிங் செய்தே பார்த்தாள். பொம்பளைக்குக் கண் போய்விடும் என்று பயமுறுத்தியவர்களிடம், ஆம்பளைக் கண் மட்டும் இரும்பிலா செய்தது என்று கேட்டாளாம். இப்போது அந்த யார்டில் 'லைட் டெஸ்ட்' அவள் பொறுப்பு. ஆளை உள்ளே விட்டுப் பெட்டியின் கதவைச் சாத்திவிடுவார்கள். கும்மிருட்டில் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்து அடைக்க வேண்டும். வெந்துபோகிற வேலை. அவளுக்கு அதில் ஒரு திமிர்கூட உண்டு, நான் பார்த்த பெட்டியில் ஒரு சொட்டு மழை இறங்காது என்பாள்.

அவள் கணவன் வல்லரசு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால், பின்னால் இருப்பவன் தூங்கினாலும் இறங்கிப் போய் அந்த வண்டியையும் நகர்த்திவிடும் நல்ல மனசுக்காரன். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் கொடுத்தார்கள். அதை மடக்கிய குடைபோலக் கதவு மூலையில் சாத்தி வைத்துவிட்டு இரண்டு வருடமாக அவன் மாடியை விட்டே இறங்கவில்லை. முடி வெட்டக்கூட ஆள் மேலே போக வேண்டும். திட்டினாள், அழுதாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பேச்சுக்கு விஷயம் கேட்டு அவள் என்னைத் துளைத்தெடுத்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஹாராக்ஸ் என்று ஓர் இளைஞர், இருபது வயது இருக்கும். இன்ன நாளில் வெள்ளி சூரியனைக் கடக்கும் என்று தானே கணக்குப் போட்டார். தொலைநோக்கி வழியே சூரியனை இருட்டறையில் காகிதத்தின் மேல் விழவைத்துக் காத்திருந்தார். மேகம். பொழுது சாய அரைமணி இருக்கும்போது வானம் திறந்தது, சூரிய வட்டத்துக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. அவர் சொல்லி வைத்திருந்த நண்பர் கிராப்ட்ரீ, துணி வியாபாரி. அவரும் பார்த்தார், ஆனால் மலைத்துப்போய் அளவெடுக்கவே மறந்து நின்றுவிட்டார். அன்றைக்கு அதைப் பார்த்ததாகத் தெரிவது இந்த இருவர் மட்டும்தான்.

"துணிக்கட அண்ணாத்த நம்ம கட்சி" என்று சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "அண்ணே, இருட்டு ரூம்ல சூரியனா? அது டெய்லி என் பொட்டிக்குள்ள வருதே! துரு கிழிச்ச ஓட்ட கோணலாத்தான் கீது. ஆனா கீழ வட்டமா வுழுது. வட்டமா இன்னாத்துக்கு வுழுதுன்னு இப்பத்தான் புரியுது. அது ஓட்டையோட உருவம் இல்ல, சூரியனோட உருவம்!" என்றாள்.

அன்று மாலை நான் இரவல் கொடுத்திருந்த ஒயரைத் திரும்ப வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் இதையே வல்லரசுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோண ஓட்டைல வட்டமா வுழுமா? எவனாண்ட ரீலு வுடற?" என்றான் அவன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் ஒரு விஷயத்துக்கு எதிர்ப்பேச்சு பேசிக் கேட்கிறேன்.

"வந்து பாரு. தோத்தா மீசைய எடுத்துடறியா?"

"நீ தோத்தா?"

அவள் முகம் மாறியது. "உன் காலப் பத்தியும், வெளிய வர்றதப் பத்தியும் இனிமே வாயே தொறக்க மாட்டேன். அப்பாவு அண்ணன் சாட்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்விட்டு வாக்குக் கொடுத்தால் மீறாதவள் அவள். மூலையில் இருந்த காலை அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, "ஒரே ஒரு வாட்டி" என்றான்.

யார்டு முதலாளி ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பெட்டியைப் பார்க்க விட்டார். வல்லரசு செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். பின்னால் நான். அவன் விழுந்தால் நான் தாங்குவேன் என்று நினைப்பு, எனக்கே என் எடை அதிகம். பாயும் வந்தார். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், வானம் சாம்பல் பூசினதுபோல மூடிக் கிடக்கிறது. மணலி ஆலைப் புகையா மேகமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கார்குழலி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் போனோம். கதவைச் சாத்தினார்கள். இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. மேலே அவள் சாக்பீஸ் வட்டம் போட்டிருந்த ஓட்டையில் மட்டும் மங்கலாக ஒரு கீற்று. கீழே ஒன்றும் இல்லை. வேர்த்துக் கொட்டியது. பாய் மெல்ல துவா ஓதினார். வல்லரசு, "போதும், தொறக்கச் சொல்லு. நான் கெலிச்சேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"கொஞ்சம் இரு" என்றாள். "கொஞ்சம் இருய்யா." அவள் யாரிடமும் அப்படி இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை.

தரையில் முதலில் ஒரு வெளுப்பு. பிறகு அது கூடியது. சின்ன வடை அளவில் ஒரு வட்டம், பளிச்சென்று. அதன் மேல் மேகத்தின் ஓரம் ஊர்ந்து போவதுகூடத் தெரிந்தது. பாய் "மாஷா அல்லா" என்றார். வாயடைத்துப்போன மைக் செட்காரன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

வல்லரசு தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினான். சூரியன் அதில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தான்.

"குழலி, இந்தப் பொட்டில எத்தினி ஓட்ட?"

"ஒண்ணுதான். நானே பாத்தேன்."

"அந்தத் தூணாண்ட பாரு. குட்டியா இன்னொண்ணு."

பார்த்தோம். இருந்தது. தூணோரச் சுவரில் கடுகளவு ஓட்டையிலிருந்து மங்கலாக இன்னொரு சூரியன், தரையும் சுவரும் சேருகிற இடத்தில். என் கண்ணுக்குக் காட்டிய பிறகும் பிடிபட நேரமானது. பெட்டிக்குள் ஒரு சொட்டு இறங்காது என்று பீற்றிக்கொள்பவள் தவறவிட்டிருந்தாள்.

"நல்லா டெஸ்ட் பண்ண போ! மழ பெஞ்சா சரக்கு மொத்தமும் நாறிடும்" என்று அவன் சிரித்தான். பெட்டி அதிரச் சிரித்தான். மானம் போனதே என்று அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

அவன் இரும்புச் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். அந்தக் கடுகு ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தான்.

"நாளைக்கி இன்னும் எத்தினி பொட்டி பாக்கணும்?"

"ஆறு."

"காலைல உங்க யார்டு வேன் எங்க நிக்கும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேட்டாண்ட" என்றாள். "ரயில்வே கேட்டாண்ட நிக்கும்யா. நான் நிறுத்தி வெக்கறேன்."