பஞ்சாயத்து அக்கா கட்சி மாறிய கதை

தையல் ஆலையில் அவளுக்குப் பஞ்சாயத்து அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும், ஜன்னலோர மிஷின் யாருக்கு, யார் கத்தரிக்கோலை யார் அமுக்கினார்கள் என்று எந்தச் சண்டை வந்தாலும் அவள்தான் நடுவில் போய் நிற்பாள். நின்று என்ன செய்வாள்? இரண்டு பேரையும்விட உரக்கக் கத்துவாள். காதுவலி தாங்காமல் அவர்களே சமாதானமாகிவிடுவார்கள். இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினாள்.

அந்தச் சாமர்த்தியத்தை மெச்சி நிர்வாகம் அவளைச் சமரசப் பயிற்சிக்கு அனுப்பியது. பாடம் எடுத்த அம்மாள் முதல் நாளே நறுக்கென்று சொல்லிவிட்டாள்: கேட்க வேண்டியதைக் கேள், பிறகு வாயை மூடு; மௌனம் தாங்காமல் எதிராளியே மனதில் இருப்பதைக் கொட்டுவான். அக்காவுக்கு மூச்சை அடக்குவதுகூடச் சுலபம், வாயை அடக்குவதா? ஆனாலும் விடவில்லை. காய்கறிக் கடையில் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக் கடைக்காரனையே முறைத்தாள். அவன் பயந்துபோய் ஸ்டூலைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தான். வீட்டில் புருஷனிடம் பழகிப் பார்த்தாள். கடவுள் ஒருவழியாகக் கண்ணைத் திறந்துவிட்டார் என்று அந்த மனிதர் நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

எப்படியோ தேறினாள். பிறகு ஆலையிலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். தன்னைப் போலவே வாய்த்துடுக்கு உள்ளவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தாள். கேட்டுவிட்டு வாயை மூடுவதுதான் முதல் பாடம். அடுத்த பாடத்தில், ஒருத்தி சொன்ன குறையை மற்றவள் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான், அதேதான் என்று முதலாமவள் தலையாட்டிய பிறகே மற்றவள் பதில் பேசலாம். பாதிச் சண்டை அந்த இடத்திலேயே செத்துவிடும். அவளிடம் படித்தவர்களில் படு கெட்டிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர். இன்னொருத்தி தொழிலாளர் தலைவி.

விதியைப் பாருங்கள், அந்த இரண்டு பேரும்தான் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தது. ஆலையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு. மேல்தளக் கிடங்கு ஒழுகுவதால், அந்த அறையைக் காலி செய்து துணி மூட்டை அடுக்கப்போவதாக நிர்வாகம் சொன்னது. விடமாட்டோம் என்றார்கள் பெண்கள். நடுவில் உட்கார அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் மகள் அங்கே காலர் தைக்கச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். குழந்தை அந்த அறையில்தான் தூங்குகிறது. அறை போனால் மகளின் வேலையும் போகும். நடுவில் இருப்பவருக்குப் பக்கம் இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அக்கா. மகள் விஷயத்தைச் சொன்னால் எழுந்து போகச் சொல்வார்களே என்று கமுக்கமாக உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர், உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடினார். தலைவி, முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு அவளும் மூடினாள். அவ்வளவுதான். அவர் சுவரைப் பார்க்கிறார், அவள் கூரையைப் பார்க்கிறாள். டீ ஆறி ஏடு கட்டியது. இரண்டு பேர் முகத்திலும் நல்ல மாணவரின் பெருமை வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான் என்று அக்கா மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது வராந்தாவில் மூட்டைகள் தொப் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. பேச்சு முடியும்வரை பொறுக்காமல் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த ரூம்ல என் பேரப்புள்ள தூங்குது. ரூமை மூடினா என் பொண்ணுக்குப் பொழப்பு இல்ல. எனக்கு அந்த ரூம் வேணும். என்னால இதுக்கு மேல நடுவுல உக்கார முடியாது."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "இதை ஏன் முன்னாடியே சொல்லல? நீங்க இங்க உக்கார்ந்ததே தப்பு."

"சார் சொல்றது சரி," என்றாள் தலைவி. "எழுந்திரிங்கக்கா."

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அக்கா வெளியே வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் இருவரும் சேர்ந்து அவளைத் திட்டினார்கள். குருவே ஏமாற்றிவிட்டாளே என்று மாற்றி மாற்றி மனதை ஆற்றிக்கொண்டார்கள். பொது எதிரி கிடைத்துவிட்டால் வாய்ப்பூட்டு தானாகக் கழன்றுவிடுகிறது. மேல்தளத்து ஒழுகலை அடைத்தால் மூட்டையை அங்கேயே வைக்கலாமே என்று தலைவி கேட்டாள். அடைக்க ஆள் கிடைக்கவில்லை என்றார் மேனேஜர். என் தம்பி அதே வேலைதான் பார்க்கிறான் என்றாள் தலைவி. அறை தப்பித்தது. கூடவே இன்னொன்றையும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்: இனிமேல் அக்காவுக்குப் பஞ்சாயத்தும் கிடையாது, வகுப்பும் கிடையாது.

மறுநாள் அவளைப் பொத்தான் சரிபார்க்கும் மேசைக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வகுப்பு அவளுக்கு உயிர். குழந்தையை அறையில் விட்டுவிட்டு வந்த மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"தப்பு பண்ணிட்டோம்னு நெனைக்கிறியாம்மா?"

"தப்புதான்டி. நாளைக்கே மறுபடி உக்கார வெச்சாலும் அதே தப்பைத்தான் பண்ணுவேன். போ, மணி அடிச்சாச்சு, போய் மிஷின்ல உக்காரு."