சுழற்சி தூக்குவதில்லை

தேக்கா சந்தையில் மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லெட்சுமி அழைத்தார். நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். "மிசஸ் தேவா, பன்னீர் சார் போயிட்டாரு. காலையில வாக்கிங் போயிட்டு வந்து உக்காந்தாராம், அவ்வளவுதான்." மீன்காரர் எடை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். நான் யாரிடமும் அப்படி நடந்துகொள்பவள் அல்ல.

பன்னீர்செல்வத்தை அறிந்தவர்களுக்கு அவருடைய மஞ்சள் தட்டும் நினைவிருக்கும். எறிந்தால் பறக்கும் பிளாஸ்டிக் தட்டு. இயற்பியல் வகுப்பைத் திடலுக்கு அழைத்துப்போய் அதை வீசுவார். நான் அறிவியல் துறைத் தலைவி. பாடம் வகுப்பறையில்தான் நடக்க வேண்டும் என்பேன். அவர் சிரிப்பார்: "காத்து திடல்லதானே இருக்கு, மேடம்."

ஒருமுறை அவர் தயாரித்த பயிற்சித்தாள் என் மேசைக்கு வந்தது. தட்டின் சுழற்சி அதை மேலே தூக்குவதில்லை என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்து, சுழற்சியே தூக்குகிறது என்று திருத்தினேன். எல்லா வகுப்புகளுக்கும் அச்சாகிப் போனது என் வரிதான்.

மறுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு என்னைத் திடலுக்கு அழைத்தார். தட்டை விரல்நுனியில் வேகமாகச் சுழலவிட்டு, விரலைச் சட்டென்று விலக்கினார். சுழன்றபடியே நேராகக் கீழே விழுந்தது. "சுத்துது. ஆனா விழுது, பாத்தீங்களா?" அடுத்து, சுழற்றாமல் முன்னோக்கித் தள்ளிவிட்டார். முன்விளிம்பு நிமிர்ந்து, தட்டு மல்லாந்து விழுந்தது. மூன்றாவது முறை மணிக்கட்டைச் சொடுக்கிச் சுழற்றி எறிந்தார். திடலைக் கடந்து மிதந்துபோய், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கியது.

சற்றே நிமிர்ந்தபடி முன்னேறும் தட்டு காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அதை மேலே தாங்குகிறது. அந்தத் தாங்கல் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதால் முன்விளிம்பு எழும்பப் பார்க்கிறது. சுழலும் தட்டோ அப்படி எழும்பிக் கவிழாமல், மெல்லப் பக்கவாட்டில் மட்டும் சாய்கிறது. "தூக்குறது காத்து. கவுந்துடாம பாத்துக்கிறதுதான் சுழற்சி," என்றார்.

மூன்றே வீச்சுகளில் எனக்குப் புரிந்துவிட்டது. "மழை வருது, மிஸ்டர் பன்னீர்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். மழை வரவில்லை.

பயிற்சித்தாளை நான் மாற்றவில்லை. அவர் அந்த வரியைக் கற்பிக்கவும் இல்லை. அவருடைய ஆண்டு மதிப்பீட்டில், "துறைக் குறிப்புகளைப் பின்பற்றுவதில்லை" என்று எழுதினேன். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை. என் வரிதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. என் கணவருக்கு மட்டும் இது தெரியும். உயிரோடு இருந்தவரை, "தப்பு உன்னோடதுன்னு அவர்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சென்ற தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் பன்னீர் எதிர்ப்பட்டார். "சுவா சூ காங் திடல் பக்கம் வாங்க லா, மேடம். ரிட்டயர் ஆனவங்கல்லாம் சேந்து வீசுறோம். ஒருத்தருக்கும் முட்டி சரியில்ல, தட்டு மட்டும் ஒழுங்கா போவுது." சொல்ல வேண்டியது நாக்கு வரை வந்தது. சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன்.

அவருடைய அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். அவர் மனைவி கலா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்தி எப்பவும் சொல்வாரு, மேடம். மிசஸ் தேவா தப்புன்னா விடமாட்டாங்க, திருத்திட்டுத்தான் மறுவேலைன்னு." அந்தக் குரலில் கேலி இல்லை. பன்னீர் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நாற்காலி தேடிப் போய் உட்கார்ந்தேன்.

நான் படித்த கான்வென்ட் பள்ளியில் எங்களுக்குப் பழக்கியது இது: தவறைச் சுரண்டி மறைக்காதே, ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுது. பிள்ளைகளிடம் அதையே ஆயுள் முழுதும் கேட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று வீச்சுகள்தான். யாரும் பார்க்காத நேரத்தைத் தேர்ந்து, எனக்காக மட்டும் வீசினார். அந்தப் பயிற்சித்தாளைப் படித்த மாணவர்கள் யாரேனும் இதை வாசித்தால், என் வரியை அடித்துவிடுங்கள். சுழற்சி தூக்குவதில்லை. பன்னீர்செல்வம் எழுதியதுதான் சரி.