அக்கா பார்த்த அமெரிக்கப் படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மதுரைத் திரைப்படச் சங்கத்துக்கு ஓர் அமெரிக்கப் படம் வந்தது. பெரிய கம்பெனி எடுத்ததல்ல. சில நண்பர்கள் கையிலிருந்ததைப் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெளிநாட்டு விமர்சகர்கள் ஆகா ஓகோ என்று எழுதியதை நான்தான் தமிழாக்கி உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டேன்.

அன்று அக்காவையும் அழைத்துப் போனேன். அத்தான் இறந்து வருஷம் திரும்பவில்லை. கோரிப்பாளையத்து வீட்டில் தனியாக இருந்தாள். அடுப்பு மூட்டுவதில்லை, வாசற்படி தாண்டுவதில்லை. என் வீட்டிலிருந்து போகிற சாப்பாட்டில் பாதி திரும்பி வரும். இழவன்று பக்கத்து பாய் வீட்டம்மா சோறு கொண்டுவந்த பித்தளைத் தூக்குவாளிகூட அடுக்களை மூலையில் அப்படியே கிடந்தது. இப்படியே விட்டால் அவளும் போய்விடுவாளோ என்று எனக்கு உள்ளூர உதறல். தியேட்டர் என்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. காட்சி பள்ளிக்கூட ஹாலில் என்பதால், கூட்டம் என்று சொல்லி இழுத்துப் போனேன்.

படத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி. அக்கம்பக்கத்தார் மூடிய பாத்திரங்களோடு வருகிறார்கள். எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். செத்த வீட்டில் விருந்தா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். பிறகு அவள் அந்தப் பாத்திரங்களைக் கழுவி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கிறாள். ஒவ்வொரு கதவும் திறக்கும்வரை நிற்கிறாள். நாமும் கூடவே நிற்கிறோம். இசை கிடையாது. இப்படி எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். எனக்கு மெய்சிலிர்த்தது.

முடிந்ததும் வழக்கமான விவாதம். சங்கத் தலைவர் வக்கீல். அமெரிக்கர்களுக்குத் துக்கத்தைக்கூடக் கொண்டாடத்தான் தெரியும் என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். படம் நகரவேயில்லை என்றார் ஒரு பேராசிரியர். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னாள். ஹால் முழுக்கக் கேட்டது.

“விருந்து இல்லடா தம்பி. அந்த வீட்ல அடுப்பு எரியல. அதான் அக்கம்பக்கத்துல ஆக்கிக் கொண்டாந்து குடுக்குறாங்க.”

எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கவுன் போட்டவர்கள் கொண்டுவந்ததும் எங்களுக்கு அது விருந்தாகிவிட்டது. வக்கீல் அசடு வழியச் சிரித்து, ஆமாம்மா என்று தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ரிக்‌ஷாவில் அக்கா தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழைத்துப் போனதே தப்போ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஆற்றுப் பாலம் ஏறியதும் சொன்னாள்.

“அம்புட்டும் நல்லாத்தான் செஞ்சா. ஆனா வெறும் பாத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்துட்டா பாரு.”

நான் தமிழாக்கிய விமர்சகர்கள் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டோடு போனேன். வாசலிலேயே நெய் வாசனை. அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து பாசிப்பருப்புப் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புளி போட்டுத் துலக்கிய தூக்குவாளி பளபளத்தது. அதில் பாயசத்தை ஊற்றி மூடி எடுத்துக்கொண்டாள்.

“அதை அங்குட்டு வையி. பாய் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்.”

வாசற்படியைத் தாண்டினாள். பாய் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நின்றாள். கதவு திறக்கும்வரை நானும் நின்றேன்.