குளிர்ந்த உடம்புக்காரர்

“...நமக்கெல்லாம் செம்புத் தகடு எதுக்குலே? என் உடம்பு குளிர்ச்சி. மருந்து பத்திக்காது!” என்றார் எங்கள் ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் அண்ணாச்சி.

உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கட்டும் என்று, மருந்தறைக்குள் போகுமுன் நாங்கள் எல்லோரும் வாசலிலுள்ள அந்தத் தகட்டைத் தொடுவோம். அவர் தொடமாட்டார். போன சீசனில் அவர் சல்லடையில் கைவைத்ததும் மருந்து குப்பென்று தீப்பிடித்தது. கொஞ்சமே இருந்ததால் அவர் மீசை கருகியதோடு நின்றது. பக்கத்தில் நின்ற நான் வெளியே பாய்ந்து பிழைத்தேன்.

“பாத்தியாலே? குளிர்ந்த உடம்புங்கவும் மீசையோட போச்சு. நீயா இருந்தா கரிக்கட்டைதான்!” என்றார்.

தீயே வந்து சொல்லியும் ஏறாத மண்டையில் நான் சொல்லியா ஏறும்? அன்றிலிருந்து அவர் உள்ளே இருந்தால் நான் வாசலைத் தாண்டுவதில்லை. அண்ணாச்சியோ மறுநாளே, மருந்தறைக்குக் குளிர்ந்த உடம்புக்காரர்களாகப் பொறுக்க, ஒவ்வொருவர் நெற்றியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.