பல்லிக்கு வந்த பயம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் பல்லி. பதினான்கு மாடி உயரத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, கீழே இருப்பவனிடம் கதையளந்தபடியே போல்ட்டு முடுக்குவார். நாற்பத்தாறு வயதுவரை பயம் கிலோ என்ன விலை என்று கேட்ட ஆள்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது ஷூ கயிறு கட்டக் குனிந்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தலை வெடித்துவிடும்போல் வலித்தது. சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. இதோ செத்துவிடப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது. எதற்கான பயம் என்றுதான் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தானாக அடங்கியது.

அடுத்த வாரம் இரண்டு முறை, அதற்கடுத்து தினமும் வந்தது. தெருமுனை டாக்டர் மனப்பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார். "பல்லிக்கு வாலு அறுந்துபோச்சுடா" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பிறகு கூண்டின் கூரைமேலேயே அது வந்தது.

"அண்ணே, என்ன சத்தத்தையே காணோம்?"

கீழிருந்து குரல் கொடுத்தவன் ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவந்தான். கம்பியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவரை இரண்டு பேர் பிரித்தெடுத்தார்கள். மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கியிருந்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோவும் ஸ்கேனும் எடுத்தபின் டாக்டரம்மா சொன்னார்: "இதயத் தசை ரொம்பத் தளர்ந்திருக்கு. ஆனா கோளாறு ஆரம்பிச்சது அங்க இல்ல. கிட்னிக்கு மேல இருக்குற சுரப்பியில எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. பயந்தா ஒரு ஹார்மோன் ஊறுமே, அதை இது நினைச்சப்பல்லாம் கொட்டுது. அந்த அடியிலதான் இதயம் ஓஞ்சுபோச்சு."

"அப்ப இவருக்கு... மூளைக் கோளாறு இல்லையா டாக்டர்?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வியை அவள் இத்தனை நாள் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கட்டியை வெட்டியெடுக்க வேண்டும், ஆனால் தொட்டாலே ரத்த அழுத்தம் எகிறும் என்றார்கள். அதை அடக்க மூன்று வாரம் மாத்திரை. அந்த மூன்று வாரமும் அவர் குனியப் பயந்தார், தும்மப் பயந்தார். ஆபரேஷனன்று மனைவியின் விரல்களை விடாமல் பற்றிக்கொண்டார்.

"பயமா இருக்குங்களா?"

"இருக்கு. இது நானாப் படுற பயம்."

உள்ளே இரண்டு முறை அழுத்தம் எகிறி இறங்கியது. வெளியே அவள் ஐந்து மணி நேரம் உட்காரவே இல்லை.

பிழைத்தார். ஆறு மாதத்தில் இதயம் முக்கால்வாசி தேறியது, வேலைக்கும் திரும்பினார். ஆனாலும் படியேறும்போது நெஞ்சு சற்று வேகமாக அடித்தால் அப்படியே நின்றுவிடுகிறார். மனைவியும் ஒரு படி கீழே நிற்கிறாள். அது அடங்கியபின்தான் இருவரும் அடுத்த படி ஏறுகிறார்கள்.