கால்வாயில் உட்கார்ந்த எருமை

ஆவடிக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே இருந்தது எங்கள் தெரு. ரயிலை விட்டு இறங்கி வரும் ஆண்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில்தான் ஒன்றுக்குப் போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா, சைன்போர்டு எழுதுகிற என் தாய்மாமாவிடம் சுவர் முழுக்க சாமி படம் வரையச் சொன்னார். சாமி இருந்தால் எவனும் அங்கே நிற்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மாமா எருமையை வரைந்தார்.

கரைவேட்டி கட்டிய எருமை, மழைநீர்க் கால்வாயின் குறுக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கழுத்தில் மாலை. நரி குடை பிடித்தது. கொக்குகள் கயிறு கட்டி மனை அளந்தன. தவளைகள் மனுவோடு வரிசையில் நின்றன. கடைசித் தவளைக்கு அம்மாவின் பூப்போட்ட நைட்டி. எருமையின் முகத்தில் எங்கள் கவுன்சிலரின் மீசை அப்படியே இருந்தது. ஏரியின் உபரித் தண்ணீர் போகும் கால்வாயை மூடி மனை போட்டவர் அவர்தான். அதற்கப்புறம் மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்துதான் போகும். அம்மாவும் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருந்தாள்.

“மனு குட்த்தா இன்னாக்கா ஆவும்? ஊரே பாத்து சிரிச்சா மானம் போவும். மானம் போனா தானா தோண்டி உட்ருவான்” என்றார் மாமா. அதை அவர் முழுசாக நம்பினார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். சுவரில் ஒன்றுக்குப் போவதும் நின்றது. அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒருநாள் கவுன்சிலரே வந்துவிட்டார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா அடி வாங்கத் தயாராக நின்றிருந்தார். கவுன்சிலர் சுவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“மீசை சோக்கா வந்துகீது நைனா. ஆளத்தான் கொஞ்சம் கறுப்பாக்கிட்ட.”

மாமாவின் தோளில் கைபோட்டு, எருமையோடு சேர்த்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். அடிக்கு மாமாவிடம் பதில் இருந்திருக்கும். அந்தக் கைக்கு இல்லை.

அவருடைய பிறந்தநாளுக்கு ரயில்வே கேட் அருகே பேனர் வைத்தார்கள். அதில் மாமாவின் எருமை. ‘விமர்சனத்தையும் ரசிக்கும் எங்கள் தங்கமே’ என்று பக்கத்தில் கொட்டை எழுத்து. தவளைகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். மாமா படம் பேனரில் வந்துவிட்டதென்று நான் பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கால்வாயை யாரும் தோண்டவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏறி முதலில் தவளைகள் முழுகின. பிறகு எருமையின் கழுத்துவரை வந்து நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஜனங்கள் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள். வீட்டுக்குள் அரிசி மூட்டையும் மெத்தையும் மிதந்தன. கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த மாமாவிடம், “மாமா, எரும நெஜமாவே குளிக்குது பாரேன்!” என்று கைதட்டிச் சிரித்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

தண்ணீர் வடிந்ததும் மாமா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். அதற்குப்பின் அவர் மிருகம் எதையும் வரையவே இல்லை. இப்போது அந்தக் கால்வாய்மேல் எழும்பியிருக்கும் அடுக்குமாடியில், கார் நிறுத்தும் இடத்துக்கு நம்பர் போடுகிறார். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. சேற்றுக்கறை போக அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“காஞ்சதும் அடுத்து இன்னா மாமா வரையப் போற?”

“சிரிக்காத மிருகமா ஒண்ணு சொல்லு, வரையறேன்” என்றார் திரும்பாமலே.

படியில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தேன். மாடு, பன்றி, கழுதை, ஓணான் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டு ஓடினேன்.

“எதுவுமே சிரிக்காது மாமா! மனுஷங்க மட்டும்தான் சிரிப்பாங்க!”

நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, எருமையின் கண்மேல் இழுத்தார்.