தயாரான மனிதர்

எங்கள் அத்திம்பேர் தொழில் தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் தம்பானூர் ரயிலடிப் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்திம்பேர், என் அக்காவின் கணவர், கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மானேஜராக இருந்தவர். "இனிமே அடுத்தவனுக்கு உழைக்கப் போறதில்லை" என்று ஒருநாள் கேக் வெட்டிவிட்டு வேலையை விட்டார். அடுத்தவனுக்கு எவ்வளவு உழைத்தாரோ எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் ஒரு பல்பு மாற்றிக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஸ்ரீவராகத்தில் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அக்கா பள்ளிக்கூட டீச்சர்; அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அத்திம்பேர் தயாரானதை முதல் நாளிலிருந்து கூடவே இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

அவர் தொடங்கப்போனது தீர்த்த யாத்திரைத் தொழில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போனிலேயே யாத்திரை பதிவு செய்யலாம் என்பது திட்டம். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் சின்னம் வரையச் சொன்னார். ஒரு கோபுரம், அதன்மேல் ஒரு விமானம். கோபுரம் காவி நிறமா நீலமா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. பிறகு கொச்சியில், தொழில் தொடங்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழிகாட்டியைப் பிடித்தார். அந்த ஆள் வீடியோவில் வரும் காலைகளில் வீட்டில் சத்தம் கூடாது. மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். அன்றைக்கெல்லாம் பருப்பு நறுக்கென்று இருக்கும். அதையும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம், கேட்டியா" என்பார்.

களஆய்வு என்று ஒருமுறை பொன்முடி மலைக்குப் போனார். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. அடிவாரத்தில், விதுராவில் ஒரு கடை பெஞ்சில் படுத்திருந்து, சோடா குடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரம், 'மலைப்பாதைப் பயணத்தில் வாடிக்கையாளர் அனுபவம்' என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சுவரில் படம் போட்டுக் காட்டினார். அக்கா சிரத்தையாகத் தலையாட்டினாள். நான் படத்தில் இருந்த மலையைப் பார்த்தேன். அது பொன்முடியே அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"சொந்தத் தொழிலுக்கு நீ தயாரான்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. சும்மா பண்ணிப் பாரேன்."

"எனக்கு என்னத்துக்கு? எனக்கு வேலை இருக்கே."

"அதான். அந்த மனசு எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்."

கேள்விகளை அவரே வாசித்தார். தோல்வியைக் கொண்டாடுவாயா? கண்ணை மூடினால் ஐந்து வருஷம் கழித்து என்ன தெரிகிறது? கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டிப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிப்பதுபோல, "நீ ரொம்பக் கீழே இருக்கே. சம்பளக்காரி மனசு. தப்பில்லை, உலகத்துக்கு அவாளும் வேணும்" என்றார். அவர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டேன். ஏறக்குறைய முழுசு.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் நான் ஆபீசுக்குப் போனபோது ஷட்டர் சாத்தியிருந்தது. பூட்டு எங்களுடையது அல்ல, கட்டிடக்காரருடையது. முதலாளியின் போன் அணைந்திருந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்லவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. மரத்தடுப்புக்குப் பின்னால் தூங்குவார், விழித்திருக்கும்போது என்னைத் திட்டுவார். ஓடிப்போகும் அளவுக்கு அவருக்குச் சுறுசுறுப்பு உண்டு என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நடைபாதையில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு நின்றது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள். பெரியவர் ஒருவர், பெண்கள், குழந்தைகள். கோயிலுக்கும் பொன்முடிக்கும் வேன் பேசி முன்பணமும் கட்டியிருந்தார்கள். என் குரலைக் கேட்டதுமே பெரியவர் கண்டுகொண்டார்.

"நீங்கதானம்மா போன்ல பேசுனிய?"

"ஆமா. ஆனா முதலாளி ஆபீசை விட்டுட்டு ஓடிப்போயிட்டார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

"மொதலாளிய எங்களுக்குத் தெரியாதும்மா. ஒங்களத்தான் தெரியும். பிள்ளையளக் கூட்டிக்கிட்டு இந்த ரோட்டுல நாங்க என்ன செய்ய?"

நான் அத்திம்பேருக்குப் போன் செய்தேன். யாத்திரைத் தொழிலைப் பற்றி அத்தனை படித்தவர், வீடும் பக்கம், வாசலில் ஏழு பேர் உட்காரும் காரும் நின்றது. நடந்ததைச் சொன்னேன். அவர் குரலில் உற்சாகம் வந்தது.

"இது அருமையான பாடம், கேட்டியா. பணம் வாங்கினது அவர், பொறுப்பும் அவரோடது. நீ தலையைக் குடுக்காதே. மெள்ள அங்கேருந்து நகர்ந்துடு. சாயங்காலம் வந்ததும் விவரமா சொல்லு, நான் எழுதி வச்சுக்கணும்."

"காரை எடுத்துண்டு வரேளா? கோயில் வரைக்கும் கொண்டு விட்டாப் போதும்."

"அது நம்ம பிசினஸ் மாடல் கிடையாதே" என்றார்.

போனை வைத்தேன். விதுராவில் ஒரு வேன்காரர் உண்டு, போனக்காடு எஸ்டேட்டில் பிறந்த தமிழர், எங்களுக்கு அடிக்கடி ஓட்டியவர். அவரைக் கூப்பிட்டேன்.

"சேச்சி, ஒங்க மொதலாளி ஓட்டம்னா ஞான் வரல. நீங்க விளிச்சா வரேன், கேட்டோ."

"நான்தான் கூப்பிடறேன்."

"அப்ப டீசலடிச்சிட்டு இறங்குறேன்."

வேன் வரும்வரை ஆட்டோ பிடித்து அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். தரிசனம் முடிந்து இட்லி சாப்பிட்டார்கள். பெரியவர் சட்னி சரியில்லை என்று என்னிடம் குறைப்பட்டார், ஏதோ நான் அரைத்தது மாதிரி. வேனில் நானும் ஏறினேன். நான் இறங்கிவிட்டால் வேன்காரரோடு தகராறு வந்துவிடும் என்று பயம். மலைமேல் பனி இறங்கி ஒன்றுமே தெரியவில்லை. குழந்தைகள் அதற்கே கூத்தாடின. நான் ஓரமாக நின்று, நாளைக்கு வேலைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் தொடங்கு என்று உள்ளிருந்து ஒரு குரலும் கேட்கவில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போது பெரியவர் வேன் வாடகையைத் தானாகவே என் கையில் கொடுத்தார். முன்பணம் போனது போனதுதான் என்று அரைமணி நேரம் புலம்பிய பிறகு கொடுத்தார். "ஆவணில எங்க சம்பந்தி வீட்டு ஆளுவ வருவாவ. யாரக் கூப்பிடணும்?" என்று கேட்டார். என் நம்பரைச் சொன்னேன்.

சம்பந்தி வீட்டார் ஆவணிக்கு முன்பே வந்தார்கள். அவர்கள் சொல்லி வேறு சிலர் வந்தார்கள். விதுரா வேன்காரர் தன் மச்சினன் வண்டியையும் கொண்டுவந்தார். மாடி அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து போன் எடுத்தேன். அப்புறம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் கீழே சின்ன அறை ஒன்று கிடைத்தது. பெயர்ப் பலகை வைக்கவே வருஷம் ஆயிற்று.

ஒருநாள் அக்கா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு உன் ஆபீஸ்ல ஏதாவது குடேன்டி. ஆத்துல இருந்து இருந்து வாடிப்போறார்."

"அவர் செய்வாரா?"

"நீ அவரைத் துச்சமாப் பார்க்கறே. எனக்குத் தெரியும்."

பொய் சொல்ல வரவில்லை, அதனால் சரி என்றேன். அத்திம்பேர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தார். நான் ரயிலடிக்குப் போய்த் திரும்பியபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எடுக்கலை?"

"என்ன பதில் சொல்லணும்னு ஒரு முறை வகுக்காம எப்படி எடுக்கறது?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. இந்த இடம் தன் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்று அக்காவிடம் சொன்னாராம்.

இப்போது அவர் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுகிறார். தொழிலுக்கு நாம் தயார் என்று எப்படி அறிவது என்பதுதான் பேச்சு. தொழில் நடத்தியவரைவிட நடத்தாதவரால் அதைத் தெளிவாகப் பேச முடிகிறது. இடையில் போன் வந்து குறுக்கிடுவதில்லை. போன மாதம் அக்கா கெஞ்சியதால் நானும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். மேடையிலிருந்து என்னைக் காட்டி, "இவா என்னோட முதல் மாணவி" என்றார். ஒரு பெண் எழுந்து மலையாளத்தில் என்னைத்தான் கேட்டாள், தயாராகிவிட்டோம் என்று எந்த நிமிஷத்தில் தெரிந்தது என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்திம்பேர் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் அக்கா நல்ல பட்டுப்புடவை கட்டி, முகம் மலர உட்கார்ந்திருந்தாள். அவர் முடித்ததும் முதலில் கை தட்டியவள் அவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், நானும் தட்டினேன்.